குறும்பயணம் (மோட்டார் வாகனம்)

எஞ்சின் முழுச்சூடு ஏறுமுன் முடிந்துவிடும் ஓட்டம். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்குள் வருவது, ஆம்பூரில் வீட்டிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போவது ஆகியவை இவ்வகை.

குளிர்ந்த பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்டக் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்து அங்கேயே தங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். குறும்பயணத்தில் அதற்கு நேரமில்லை. ஆயில் நீர்த்து, நாளடைவில் கசடு படிகிறது. வெப்பமுள்ளைப் பார்த்து ஏமாறக் கூடாது: அது காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை, ஆயில் சூடேற அதைவிட நேரமாகும்.

அமெரிக்கச் சோதனைகளில், சுமார் 25 டிகிரி செல்சியஸில் கிடைக்கும் மைலேஜோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரியில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டங்களில் 24 சதவீதம் வரை குறைந்தது. வேலூர் வெயிலுக்கு இழப்பு அவ்வளவு இராது, ஆனால் ஏ.சி.யும் நெரிசலும் தம் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

பி.எஸ். 6 டீசல் கார்களுக்கு (2020 ஏப்ரல் முதல்) வேறொரு தொல்லை: புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துச் சுத்தமாக்க நீண்ட, சீரான ஓட்டம் தேவை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை தேசிய நெடுஞ்சாலை 48-இல் உள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இதற்குத் தாராளம்.

பேட்டரியும் முழுதாகச் சார்ஜ் ஏறாது. குறும்பயணமே வழக்கமானால், கிலோமீட்டர் கணக்கைப் பாராமல் ஆயிலை முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.