எதிரே நிற்பவர் யார்? எபிரேயச் ‘சாத்தானும்’ மட்டக்களப்பின் வழக்குரையும்

இலங்கை நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். மட்டக்களப்பு நீதிமன்றத்திலும் அப்படித்தான். பகை என்ற பொருள் அங்கே இல்லை. கூண்டில் நிற்கும் இடமே அந்தப் பெயரைத் தருகிறது. முறைப்பாட்டாளர், வழக்குத்தொடுநர் என்பனவும் வழக்கில் ஒருவர் வகிக்கும் பங்கால் வந்த பெயர்கள். எபிரேய வேதாகமத்தின் ‘சாத்தான்’ என்ற சொல்லும் முதலில் ஒருவர் நிற்கும் இடத்தையே குறித்தது. தனியொரு தீய ஆவியின் பெயராக அது உறைந்தது பின்னர்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பாடப்பட்டுவரும் கண்ணகி வழக்குரை, அந்தப் பழைய பொருளைத் தெளிவாகக் காண உதவுகிறது.

சான்றுகளைப் பார்ப்போம். எண்ணாகமம் 22 இல் பிலேயாமின் கழுதையை மறித்து, உருவிய வாளோடு வழியில் நிற்பவர் கடவுளின் தூதர். அவரைக் குறிக்கும் சொல் ‘சாத்தான்’. 1 சாமுவேல் 29 இல் பெலிஸ்தத் தலைவர்கள், போர்க்களத்தில் தாவீது தங்களுக்குச் ‘சாத்தான்’ ஆகிவிடுவான் என்று அஞ்சுகிறார்கள். 1 இராஜாக்கள் 11 இல் சாலொமோனுக்கு எதிராக எழும் ஏதோமியன் ஆதாத்தும் ரேசோனும் அதே சொல்லால் சுட்டப்படுகிறார்கள். தேவதூதர், தாவீது, அயல்நாட்டு அரசியல் எதிரிகள்: இவர்களுக்குள் பொதுவாக இருப்பது ஒன்றே. இவர்கள் யாருக்கோ எதிரே நிற்கிறார்கள்.

யோபு நூலில் நிலைமை மாறுகிறது. அதன் முதல் இரண்டு அதிகாரங்களில் 14 முறை வரும் இச்சொல், ஒவ்வொரு முறையும் ‘ஹ’ என்ற சுட்டு முன்னொட்டோடு வருகிறது. எபிரேயத்தில் ஆட்பெயர் இந்த முன்னொட்டை ஏற்பதில்லை. ஆகவே அது பதவியின் பெயர்: ‘அந்தக் குற்றஞ்சாட்டுநர்’. பூமியெங்கும் சுற்றிவந்து கடவுளின் மன்றில் அறிக்கை தரும் இவரை, பாரசீகப் பேரரசில் நாடு சுற்றி மன்னனுக்குத் தகவல் சொன்ன அலுவலரோடு ஒப்பிட்ட ஆய்வாளர்களும் உண்டு. சகரியா 3 இல் காட்சி இன்னும் துலக்கமானது. அழுக்குடை அணிந்த தலைமைக் குரு யோசுவா தூதரின் முன் நிற்கிறார். அவர்மீது குற்றம் சாட்டும்படி வலப்பக்கத்தில் ‘ஹசாத்தான்’ நிற்கிறார். மட்டக்களப்பு நீதிமன்ற மொழியில் சொன்னால், இங்கே ‘எதிரி’ யோசுவாதான்.

இந்த நுட்பம் தமிழுக்கு வரும்போது மறைந்துபோனது. தமிழில் ‘ஹ’வுக்கு நேரான முன்னொட்டு கிடையாது. 1871 இல் வெளிவந்த, பவர் திருப்புதல் எனப்படும் தமிழ் வேதாகமத் திருத்தத்தின் வழிவந்த பதிப்பில் பிலேயாமின் தூதர் ‘எதிராளி’, ஆதாத் ‘விரோதி’, யோபுவில் வருபவரோ ‘சாத்தான்’. மூலத்தில் ஒன்றாக இருந்த சொல் மூன்றாகப் பிரிந்தபின், அவற்றின் உறவைத் தமிழ் வாசகர் கண்டுகொள்ள வழியில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு யோபுவில் ‘தியாபொலோஸ்’ என்ற சொல்லை இட்டது. புதிய ஏற்பாட்டில் அதே கிரேக்கச் சொல் தமிழில் ‘பிசாசு’ ஆயிற்று. 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கிய காலம் முதல் இங்கே வளர்ந்த கிறிஸ்தவப் பேச்சில் சாத்தானும் பிசாசும் ஒன்றாகிவிட்டன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் சொல்லும் ‘சைத்தான்’ அரபு வழி வந்த உறவுச்சொல். அதன் பொருளும் தீய ஆவியே.

ஆய்வாளர்களிடையே இதற்கு ஆதரவும் எதிர்வாதமும் உண்டு. பெகி டே 1988 இல் வெளியிட்ட நூலில், இச்சொல் குறிப்பிட்ட ஒருவருக்கு உரியதல்ல என்று காட்டினார். ஆனால் ரயன் ஸ்டோக்ஸ் 2014 இல் எழுதிய கட்டுரையில், அது குற்றஞ்சாட்டுபவரைக் குறிக்கவில்லை, தாக்குபவரை, தண்டனை நிறைவேற்றுபவரையே குறிக்கிறது என்றார். தூதரின் கையிலிருக்கும் வாள் அவருக்குத் துணை. எனினும் சங்கீதம் 109 இல் வலப்பக்கம் நிற்கும் ‘சாத்தானை’ச் சொன்ன அடுத்த வசனத்திலேயே நியாயவிசாரணை வருகிறது. களத்தில் எதிரே நிற்பவர் தாக்குபவர். மன்றில் எதிரே நிற்பவர் சாட்டுபவர். இரண்டுக்கும் அடியில் கிடப்பது நிற்குமிடமே.

கண்ணகியின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசிச் சடங்கின்போது கட்டாடியார் பூசை செய்ய, உடுக்கொலியோடு வழக்குரை பாடப்படுகிறது. ஏட்டிலிருந்த இந்நூலை அச்சில் கொண்டுவந்தவர் வி. சீ. கந்தையா. உடைத்த சிலம்பைச் சான்றாக்கி, அரசன் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுகிறாள் கண்ணகி. அவள் தெய்வமாகிறாள், பேய் ஆகவில்லை. மன்றில் எழுந்து எதிர்த்து நிற்பது தன்னளவில் தீமையாகாது என்பதை வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. கண்ணகி, கொலையுண்ட கணவனுக்காக ஆட்சியாளனைச் சாட்டுகிறாள். யோபுவின் குற்றஞ்சாட்டுநரோ ஆட்சிபீடத்தின் பக்கமிருந்து, தவறு செய்யாத ஒருவனைச் சந்தேகிக்கிறார். கண்ணகியின் சீற்றத்தை ஊரே கூடிக் குளிர்த்திச் சடங்கால் தணிக்கிறது. யோபு நூலிலோ இரண்டாம் அதிகாரத்துக்குப் பின் குற்றஞ்சாட்டுநர் தலைகாட்டுவதே இல்லை. சாட்டுபவர் யார் சார்பில், யாரைச் சாட்டுகிறார் என்பதே அறத்தை முடிவுசெய்கிறது. அவரை முன்கூட்டியே பிசாசாக்கிவிட்டால், வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

2 சாமுவேல் 24 இல் குடிமதிப்பு எடுக்கும்படி தாவீதைத் தூண்டியது கடவுளின் கோபம். அதே செய்தியைப் பின்னர் எழுதிய 1 நாளாகமம் 21 இல் அந்த இடத்தில் சுட்டு முன்னொட்டு இல்லாத ‘சாத்தான்’ நிற்கிறார். பதவி ஆளாக மாறத் தொடங்கியதை இங்கே காண்கிறோம் என்று பலர் கருதுவர். தமிழ் வாசகருக்கும் இந்த மாற்றம் தெரியவேண்டும். அதற்கு யோபு, சகரியா, சங்கீதம் 109 ஆகிய இடங்களில் ‘குற்றஞ்சாட்டுநர்’ என்றும், எண்ணாகமத்திலும் இராஜாக்களிலும் ‘எதிர்நிற்பவர்’ என்றும் இட்டு, மூலச்சொல் ஒன்றே என்று அடிக்குறிப்பில் காட்டலாம். ‘சாத்தான்’ என்ற ஆட்பெயரைப் புதிய ஏற்பாட்டுக்கு விட்டுவிடலாம். 1 நாளாகமத்தில் இரு வாசிப்புகளையும் அருகருகே தருவதே நேர்மையானது.