உறையும் முத்திரையும்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களில் பழைய கடிதங்களைப் பெட்டியில் பேணி வைப்போர் உண்டு. அக்கடிதங்கள் வந்த உறைகளைப் பேணியோர் சிலரே. உறையை மூடிய கையும் ஒரு செய்தியைச் சொல்லும் என்பதை வரலாற்றின் வழியே சிறிது காண்போம்.

மிகப் பழைய உறைகள் களிமண்ணால் ஆனவை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், டைகிரிஸ் ஆற்றங்கரையிலிருந்த அசூர் நகரத்து வணிகர் பலர், இன்றைய துருக்கியிலுள்ள கானேசு என்னும் ஊரிற் சென்று தங்கினர். ஊரிலிருந்த அவர்தம் மனைவியர் துணி நெய்து அனுப்பினர். விலைக் கணக்கையும் வீட்டுக் குறைகளையும் களிமண் பலகையில் எழுதுவித்தனர். அப்பலகையை மெல்லிய களிமண் போர்வையால் மூடி, அதன்மேல் உருளை முத்திரையை உருட்டுவது வழக்கம். போர்வையை உடைத்தாலன்றி உள்ளே இருப்பதைப் படித்தல் இயலாது. கானேசு அகழ்வில் 20,000-க்கும் மேற்பட்ட பலகைகள் கிடைத்துள்ளன. உடைபடாத உறைகளும் அவற்றுள் உள. புலம்பெயர்ந்தோர் வாழ்வும் உறையின் வரலாறும் அன்றே கைகோத்து நடந்தன எனலாம்.

நம் சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் விடுக்கிறாள். முதல் முடங்கல் அழகே உருவானது. பல மலர் தொடுத்த மாலையின் இடையே தாழை மடலை வைத்து, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்த பிச்சி மொட்டையே எழுத்தாணியாகக் கொண்டு எழுதினாள். கோவலன் அதனை வாங்க மறுத்தான். இரண்டாம் முடங்கல் மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கையால் வந்தது. அதில் மலரில்லை, மண் இலச்சினை மட்டுமே இருந்தது. அம்மண்ணில் அவள் தன் கூந்தலை ஒற்றியிருந்தாள். பழகிய நெய்மணம் எழுதியவளை உணர்த்த, கோவலன் ஓலையைக் கைவிடாது பிரித்துப் படித்தான். ஒப்பனை செய்ய மாட்டாததை ஒரு பிடி மண் செய்தது.

ஐரோப்பாவில் நெடுங்காலம் தேன்மெழுகே முத்திரைக்குப் பயன்பட்டது. 16-ஆம் நூற்றாண்டு முதல் நம் நாட்டு அரக்கும் அவ்விடத்தைப் பெறலாயிற்று. இன்றைய சார்க்கண்டுப் பகுதிக் காடுகளில், பலாசம், இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. பிரித்தானியாவில் 1840-க்கு முன் தாளின் எண்ணிக்கைக்கேற்ப அஞ்சற் கட்டணம் பெறப்பட்டமையால், உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டது. ஆதலின் மக்கள் கடிதத்தையே மடித்து முத்திரையிட்டனர். 1840-இல் எடைக்கேற்ற கட்டணம் வந்த பின்னரே காகித உறை பெருகியது. 1852-இல் சிந்து மாகாணத்தில் வெளியான அஞ்சல்தலைகளும் பழைய முத்திரை வில்லையைப் போல வட்ட வடிவாகவே அமைந்தன. அவற்றுள் செந்நிற வில்லைகள் எளிதில் நொறுங்கிப் போயின.

நம் இல்லங்களும் உறையைப் பேசவைத்தன. மணச்செய்தி தாங்கிய உறையின் மூலைகளில் மஞ்சள் தடவினர். இறப்புச் செய்தி தாங்கிய கடிதத்தின் ஓரத்தில் கருமை பூசினர். எழுத்தறியாத பாட்டியும் அஞ்சற்காரர் கையிலிருந்து வாங்கும்போதே மகிழ்வா துயரா என அறிந்தார்.

இங்கே நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. இன்று நம் பிள்ளைகளிற் பலர் வேற்று மொழியிற் பயின்று வளர்கின்றனர். பாட்டனார் உறையின்மேல் இட்ட மஞ்சளை அவர்கள் அடையாளம் காணக்கூடும். உள்ளிருக்கும் தமிழ் அவர்களுக்குக் கானேசுக் களிமண் உறைபோல மூடியே கிடக்கிறது. முத்திரையை உணர்ந்ததோடு கோவலன் நின்றானல்லன். படித்தான், மாதவியின் குற்றமின்மையை அறிந்தான், தன் பெற்றோர்க்கும் பொருந்தும் மொழிகள் எனக் கருதி அவ்வோலையையே அவர்க்கு அனுப்பினான். படித்தமையால் ஓர் ஓலை இரு இல்லங்களுக்குப் பயன்பட்டது.

ஆகவே பழைய உறைகளைக் கடிதங்களோடு சேர்த்தே வைப்போம். கடிதத்தில் நாள் குறிக்கப்படாதபோது அஞ்சல் முத்திரையே ஊரையும் நாளையும் உரைக்கும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகிருத்தி, முதலில் உறையைக் காட்டுவோம். பின்னர் கடிதத்தை அவர்களே எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்வோம். பாட்டனார் ஒட்டிய உறையைப் பேரப்பிள்ளைகள் திறக்கட்டும்.