குலத்தைக் கண்டு குட்டியை அறிதல்

குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலந்து கடலுக்குச் செல்கிறது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் காயல் துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகக் கரைகளின் குதிரைகள் அங்கே வந்திறங்கின. 1446இல் தென்காசி விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கிய பாண்டிய மரபின் முன்னோரே அவற்றை வாங்கினர்.

கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பினார் என்றும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியர் பணம் கொடுத்தனர் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்தார்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கியவர்கள் இங்கேயே குட்டிகளை வளர்த்திருக்கலாமே? விடை மார்க்கோ போலோவின் குறிப்பில் உள்ளது: இந்நாட்டில் உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத குட்டியே பிறக்கிறது.

அரபியர் குட்டியை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. இளங்குட்டியின் உடல் மாதத்திற்கு மாதம் மாறும்; நெடுங்கால்கள் பின்னரே உடலோடு பொருந்தும். ஆகவே தாயின் தோள் சரிவையும் தந்தையின் முழங்காலையும் பார்ப்பர். அதே தாய் முன்பு ஈன்ற குட்டிகள் எப்படி நிற்கின்றன என்பதையும் பார்ப்பர். குதிரைகளின் வம்சாவளியைப் பற்றி ஹிஷாம் இப்னுல் கல்பீ தனி நூலே எழுதினார்.

இந்த முறையைக் காயலில் பொருத்திப் பார்ப்போம். பெற்றோரின் கால்கள் நேர். குட்டியின் கால்கள் கோணல். அப்படியானால் குறை பெரும்பாலும் குருதியில் இல்லை, வளர்ப்பில்தான் என்பது நம் கணிப்பு. இங்கே குதிரைகளுக்கு இறைச்சியோடு வேகவைத்த சோறு போட்டதாக மார்க்கோ போலோ கூறுகிறார். வறுத்த தானியம், நெய், காய்ச்சிய பால் என்கிறார் வஸ்ஸாஃப். புல்வெளியில் ஓடி மேய வேண்டிய விலங்குக்கு இது விருந்துபோலத் தோன்றலாம், ஆனால் வளரும் எலும்புக்கு உகந்ததன்று.

உறவினத்தைப் பார்க்கும் இந்த வழக்கம் நபிமொழியிலும் வருகிறது. பனூ ஃபஸாராவைச் சேர்ந்த ஒருவர், தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் ஐயத்துடன் முறையிட்டார். நம் வீடுகளிலும் குழந்தை பிறந்த அன்றே 'யார் சாயல்?' என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறதல்லவா! நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறமும் உண்டா என்று வினவ, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, முன்னோரின் ஏதோ ஒரு நரம்பு இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். இக்குழந்தையையும் அவ்வாறே இழுத்திருக்கலாம் என்றார்கள் நபியவர்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அக்குழந்தையைத் தம்முடையதல்ல என்று மறுக்க அவருக்கு அனுமதி தரப்படவில்லை.