மடிக்கணினியிலிருந்து வழங்கிக்கு: செயலி வடிவமைப்புப் பகிர்வின் வரலாறு (1995–2018)

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினி, மடிக்கணினி, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி ஆகிய மூவகைக் கணினிகளுக்கும் ஒரே செயலி வடிவமைப்பைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1995 முதல் 2018 வரை இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட செயலிகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. வடிவமைப்புப் பகிர்வு செலவைக் குறைக்கும் வணிக முடிவாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயின் அப்பகிர்வு எத்திசையில் நிகழ இயலும் என்பதை மின்நுகர்வே தீர்மானித்தது என்றும், பகிர்வு விரிந்த அளவிற்கு வடிவமைப்பின் குறைகளும் விரிந்தன என்றும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்செயலி, நுண்கட்டமைப்பு, மின்நுகர்வு, இன்டெல், ஏ.எம்.டி., பென்டியம் எம், மெல்ட்டவுன்.

1. முன்னுரை

புதிய நுண்செயலி ஒன்றை வடிவமைக்கப் பொறியாளர் பலரின் பல்லாண்டு உழைப்பு தேவைப்படுகிறது. சில்லு உற்பத்திக்குச் செல்லும் முன்னரே இச்செலவின் பெரும்பகுதி செய்யப்பட்டுவிடுகிறது. ஆகவே ஒரு வடிவமைப்பை எத்தனை வகைக் கணினிகளில் விற்க இயலும் என்பது நிறுவனங்களின் வாழ்வையே தீர்மானிக்கும் வினாவாக இருந்துவந்துள்ளது. ஆனால் மூவகைக் கணினிகளின் தேவைகள் ஒன்றல்ல. மடிக்கணினி மின்கலத்தை நம்பியது. மேசைக்கணினி விலையையும் வேகத்தையும் நாடுவது. வழங்கி மிகுந்த நினைவகத்தையும் இடையறாத இயக்கத்தையும் வேண்டுவது. இவ்வேறுபாடுகளுக்கிடையே பகிர்வு எவ்வாறு இயன்றது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

2. பகிர்வின் மூன்று நிலைகள்

வடிவமைப்புப் பகிர்வை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். முதலாவது, கட்டளைத் தொகுப்பைப் பகிர்தல். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 இதற்குச் சிறந்த முன்னோடி. சிறியதும் பெரியதுமான அதன் பல மாதிரிகள் ஒரே கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றின. உள்கட்டமைப்போ மாதிரிக்கு மாதிரி வேறுபட்டது. இரண்டாவது, நுண்கட்டமைப்பைப் பகிர்தல். கட்டளைகளை நிறைவேற்றும் கோர் எனும் உட்பகுதியின் வடிவமைப்பே இங்குப் பொதுவாகிறது. மூன்றாவது, ஆலையில் உருவாகும் சிலிக்கான் துண்டையே பகிர்தல். முதல் நிலை மென்பொருளின் வாழ்நாளை நீட்டியது. மற்ற இரண்டும் வன்பொருளின் செலவைக் குறைத்தன. இக்கட்டுரை பின்னிரு நிலைகளிலேயே கவனம் செலுத்துகிறது.

3. மேலிருந்து கீழ்: பி6 கட்டமைப்பு

1995 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் புரோ, பி6 எனும் நுண்கட்டமைப்பின் முதற்செயலி. கட்டளைகளை அவை எழுதப்பட்ட வரிசையில் அன்றி, தரவு ஆயத்தமாகும் வரிசையில் நிறைவேற்றும் முறையை இது இன்டெலின் எக்ஸ்86 செயலிகளில் அறிமுகப்படுத்தியது. 55 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட இச்செயலியின் உறைக்குள் கேஷ் நினைவகம் தனித் துண்டாக வைக்கப்பட்டதால் உற்பத்திச் செலவு மிகுந்தது. பழைய 16 பிட் நிரல்களில் இதன் வேகம் குறிப்பிடத்தக்கதாக இல்லை. எனவே வழங்கிகளிலும் உயர்நிலைப் பணிநிலையங்களிலுமே இது பெரிதும் இடம்பெற்றது.

1997 மே மாதம் வந்த பென்டியம் II இவ்விரு குறைகளையும் களைந்து அதே கட்டமைப்பை மேசைக்கணினிக்குக் கொணர்ந்தது. 1998 ஏப்ரலில் அதன் மடிக்கணினி வடிவமும், சூன் மாதம் ஜியான் எனும் வழங்கி வடிவமும் வெளிவந்தன. மூன்றாண்டுக்குள் ஒரு நுண்கட்டமைப்பு மூவகைக் கணினிகளையும் எட்டியது.

உயர்நிலைக் கணினிக்கெனப் பிறந்த வடிவமைப்பு மடிக்கணினிக்குள் இறங்க முடிந்ததன் காரணம் உற்பத்தித் தொழில்நுட்பத்தில் உள்ளது. டிரான்சிஸ்டரின் அளவு சுருங்கும்போது மின்னழுத்தமும் மின்னோட்டமும் உடன்குறைவதால், ஒரு பரப்பில் எழும் வெப்பம் ஏறத்தாழ மாறாதிருக்கும் என்பதை ராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் 1974இல் விளக்கினர். ஒரே வடிவமைப்பு அடுத்த தலைமுறை ஆலையில் உருவாகும்போது தானாகவே குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய பணியை ஆலையே செய்தது எனலாம்.

4. நெட்பர்ஸ்ட்: கீழிறங்கும் வழி அடைபடல்

2000 நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4, நெட்பர்ஸ்ட் எனும் புதிய நுண்கட்டமைப்பைக் கொண்டது. கட்டளை நிறைவேற்றத்தைப் பல சிறு படிகளாகப் பகுத்துத் தொடராக நடத்தும் பைப்லைன் இதில் 20 படிகளாக நீண்டது. படிகள் சிறியனவாக இருப்பதால் கடிகார வேகத்தை உயர்த்தலாம். ஆனால் நிரலின் கிளைபிரியும் இடத்தைத் தவறாகக் கணித்தால் வீணாகும் உழைப்பு மிகும். விளம்பரத்தில் கிகாஹெர்ட்ஸ் எண்ணே முதன்மை பெற்ற அக்காலத்தில் இத்தெரிவு வணிகத்திற்கு உகந்ததாயிற்று.

இன்டெல் இக்கட்டமைப்பையும் மூவகைக் கணினிகளுக்கும் பகிர முனைந்தது. 2001இல் ஜியான் வரிசையிலும், 2002இல் பென்டியம் 4 எம் எனும் பெயரில் மடிக்கணினியிலும் அது இடம்பெற்றது. ஆனால் பி6 பெற்ற வெற்றி இதற்குக் கிட்டவில்லை. 2004 பிப்ரவரியில் 90 நானோமீட்டர் முறையில் வந்த பிரெஸ்காட், 31 படிகள் கொண்ட பைப்லைனுடன் 100 வாட்டைக் கடந்த வெப்ப அளவை எட்டியது. டிரான்சிஸ்டர்கள் இயங்காத நிலையிலும் கசியும் மின்னோட்டம் இவ்வளவில் மிகுந்ததால், சுருக்கம் முன்போல் மின்நுகர்வைக் குறைக்கவில்லை. 2004 மே மாதம் அடுத்த வடிவமைப்பான தேஜஸ் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியீடும் கைவிடப்பட்டது.

இது இன்டெலுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் அன்று. ஐ.பி.எம். தன் பவர்4 வழங்கிச் செயலியிலிருந்து உருவாக்கிய பவர்பிசி 970, 2003இல் ஆப்பிளின் பவர்மேக் ஜி5 மேசைக்கணினியில் இடம்பெற்றது. ஆயினும் ஆப்பிளின் மடிக்கணினிக்குள் அது ஒருபோதும் நுழையவில்லை. 2005 சூன் மாதம் ஆப்பிள் இன்டெல் செயலிகளுக்கு மாறுவதாக அறிவித்தபோது, ஒரு வாட் மின்சாரத்திற்குக் கிடைக்கும் செயல்திறனையே காரணமாக முன்வைத்தது. வழங்கியிலிருந்து மடிக்கணினிக்கு இறங்கும் வழி இரு வேறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடைபட்டதை இதனால் அறியலாம்.

5. ஹைஃபாவில் உருவான மாற்று

இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள இன்டெல் வடிவமைப்பு மையம், மலிவு விலைக் கணினிகளுக்கான டிம்னா எனும் செயலியை உருவாக்கிவந்தது. அத்திட்டம் 2000இல் கைவிடப்பட்டது. அதன்பின் அம்மையத்தினர் மடிக்கணினிக்கென்றே தனிச் செயலி ஒன்றை உருவாக்கினர். பனியாஸ் எனும் குறிப்பெயர் கொண்ட அச்செயலி, 2003 மார்ச்சில் சென்ட்ரினோ தொகுதியின் பகுதியாகப் பென்டியம் எம் எனும் பெயரில் வெளிவந்தது.

7.7 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட பனியாஸ், நெட்பர்ஸ்ட் கருத்துகளை விடுத்துப் பி6 மரபுக்குத் திரும்பியது. உட்கட்டளைகள் இரண்டை ஒன்றாகப் பிணைத்து அனுப்புதல், கிளைக் கணிப்பைக் கூர்மையாக்குதல், பயன்படாத பகுதிகளுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்துதல் ஆகியன அதன் சிறப்புக் கூறுகள். வீணாகும் ஒவ்வொரு செயலும் மின்கலத்தைக் கரைக்கும் என்ற கட்டுப்பாடே இவற்றைத் தோற்றுவித்தது. 1.6 கிகாஹெர்ட்ஸில் 24.5 வாட் அளவுக்குள் இயங்கிய இது, தன்னினும் கடிகார வேகம் மிகுந்த பென்டியம் 4 எம் செயலிகளுக்கு ஈடுகொடுத்தது. கடிகார வேகத்தை அளவுகோலாக்கி விற்ற நிறுவனத்திற்கு இது இடர்ப்பாடான வெற்றி. 2004 மே மாதம் இன்டெல் தன் செயலிகளுக்குத் தனி எண்வரிசை வழங்கத் தொடங்கியதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

6. கீழிருந்து மேல்: கோர் கட்டமைப்பு

2005 ஆகஸ்டில் இன்டெலின் தலைவர் பால் ஓட்டெலினி, மூவகைக் கணினிகளுக்கும் பொதுவான புதிய நுண்கட்டமைப்பை அறிவித்தார். 2006 சூன் மாதம் வழங்கிக்கான வுட்கிரெஸ்ட்டும், சூலையில் மேசைக்கணினிக்கான கான்ரோவும் மடிக்கணினிக்கான மெரோமும் அறிமுகமாயின. மூன்றும் 14 படிப் பைப்லைன் கொண்ட ஒரே கோர் வடிவமைப்பையும் 29.1 கோடி டிரான்சிஸ்டர்களையும் உடையவை. மெரோம் ஏறத்தாழ 35 வாட், கான்ரோ 65 வாட், வுட்கிரெஸ்ட் உயர்ந்த அளவில் 80 வாட் என மின்வரம்பே அவற்றை வேறுபடுத்தியது.

மடிக்கணினி மரபு மேலேறுவதற்கு வடிவமைப்பிலும் மாற்றங்கள் தேவைப்பட்டன. பென்டியம் எம் செயலியில் இல்லாத 64 பிட் வசதி சேர்க்கப்பட்டது. ஒரு சுற்றில் மூன்று கட்டளைகளைப் பிரித்தறிந்த நிலை நான்காக உயர்ந்தது. எனினும் வழங்கியின் தேவைகள் கோரோடு முடிவடைவதில்லை. ஏ.எம்.டி. 2003 ஏப்ரலில் வெளியிட்ட ஆப்டெரானில் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று செயலிக்குள்ளேயே அமைந்திருந்தது. வுட்கிரெஸ்டோ பழைய பொதுப்பாதையையே சார்ந்திருந்தது. 2008 நவம்பரில் வந்த நெஹேலம் கட்டமைப்பில்தான் இன்டெல் இவ்வசதியைச் சேர்த்தது. அதில் கோரும் அதனைச் சூழ்ந்த பிற பகுதிகளும் தனித்தனி அலகுகளாக வகுக்கப்பட்டன. கோர் பொதுவாக இருக்க, சூழ்பகுதி கணினிக்கேற்ப மாறும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

7. ஒரே சிலிக்கான் துண்டு

2017இல் ஏ.எம்.டி. பகிர்வை மூன்றாம் நிலைக்குக் கொண்டுசென்றது. ஜென் நுண்கட்டமைப்பில் எட்டுக் கோர்களும் 213 சதுர மில்லிமீட்டர் பரப்பும் கொண்ட செப்பெலின் எனும் ஒரே துண்டு, தனித்து நின்று மேசைக்கணினியின் ரைசன் ஆயிற்று. நான்காக இணைந்து 32 கோர் கொண்ட எபிக் வழங்கிச் செயலி ஆயிற்று. நான்கு துண்டுகளின் மொத்தப் பரப்பு 852 சதுர மில்லிமீட்டர். ஒரே துண்டாகச் செய்திருப்பின் 777 போதுமானது என ஏ.எம்.டி. பொறியாளர்கள் 2018இல் கணக்கிட்டனர். பரப்பு மிகுந்தும், சிறு துண்டுகளில் பழுது குறைவதால், செலவு ஒற்றைத் துண்டின் செலவில் ஏறத்தாழ 59 விழுக்காடே என்பது அவர்களின் மதிப்பீடு.

துண்டுகளை இணைக்கும் சுற்றுகள் மேசைக்கணினியில் பயன்படாமலே இருந்தன. மடிக்கணினிக்கோ, வரைகலைச் செயலியும் நான்கு ஜென் கோர்களும் கொண்ட வேறொரு துண்டு உருவாக்கப்பட்டது. இங்கும் மின்வரம்பே துண்டுப் பகிர்வின் எல்லையை வரைந்தது.

8. பகிர்வின் விலை

2018 சனவரியில் மெல்ட்டவுன் எனும் பாதுகாப்புக் குறைபாடு வெளியுலகிற்குத் தெரிந்தது. கட்டளையை முன்கூட்டியே நிறைவேற்றும்போது, அணுக்க உரிமை உறுதியாவதற்குள் காப்புப் பகுதியிலுள்ள தரவின் தடயம் கேஷ் நினைவகத்தில் பதிந்துவிடும் என்பதே அதன் சாரம். 1995க்குப் பின் வந்த இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ அனைத்தும் இதற்கு ஆட்படக்கூடியவை என அதனைக் கண்டறிந்த ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். 1995 என்பது பென்டியம் புரோ வெளிவந்த ஆண்டு. அவர்கள் விலக்காகச் சுட்டியவை இரண்டு: 2013க்கு முந்தைய ஆட்டம் செயலிகளும், முற்றிலும் வேறான கட்டமைப்புடைய ஐட்டேனியமும்.

2001இல் வெளிவந்த ஐட்டேனியம், உயர்நிலைக் கணினிகளுக்கென்றே தனித்து உருவாக்கப்பட்டது. பிற கணினிகளோடு பகிரப்படாமையால் சந்தையில் சுருங்கியது என்றே அதன் வரலாறு பெரிதும் எழுதப்படுகிறது. அதே தனிமை அதனை இக்குறையிலிருந்து காத்தது என்பதும் அவ்வரலாற்றில் சேர வேண்டும். ஒரே மரபைச் சார்ந்த வீட்டு மடிக்கணினிக்கும் மேகக் கணிமை மையத்தின் வழங்கிக்கும் ஒரே நாளில் ஒரே திருத்தம் தேவைப்பட்டது.

9. முடிவுரை

ஆலையின் சுருக்கம் மின்நுகர்வைத் தானே குறைத்த காலத்தில், வடிவமைப்பு வழங்கியிலிருந்து மடிக்கணினிக்கு இறங்கியது. அச்சுருக்கம் பயன் குன்றியபோது, கடுமையான மின்வரம்புக்குள் பிறந்த வடிவமைப்பே மேலேறும் ஆற்றல் பெற்றது. ஆகவே பென்டியம் எம்மிலிருந்து கோருக்கு நேர்ந்த மாற்றத்தை ஒரு நிறுவனத்தின் உள்திருத்தமாக மட்டும் காண்பது போதாது. பகிர்வின் திசையே மாறிய வரலாற்றுத் திருப்பமாக அதனைக் கொள்ள வேண்டும். 2020இல் கைப்பேசிச் செயலியோடு கோர்களைப் பகிர்ந்துகொண்ட ஆப்பிளின் எம்1 கணினிச் செயலி இத்திசையின் தொடர்ச்சியே. பகிர்வினால் மிச்சமாகும் செலவைக் கணக்கிடும் தொழில்நுட்ப வரலாறு, அதனால் பரவும் குறையையும் அதே கணக்கில் எழுதும்போதுதான் முழுமை பெறும்.