இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியை கண்டுபிடித்த சென்னை டாக்டர் சுனிதி சாலமன்

இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. கிருமி நுழைந்துவிட்டதை 1986-ம் ஆண்டு முதன்முதலாக கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவ கல்லூரியை சேர்ந்த ஒரு பேராசிரியையும், அவரிடம் படித்த மாணவியும்தான். பேராசிரியை பெயர் டாக்டர் சுனிதி சாலமன். மாணவி செல்லப்பன் நிர்மலா.

சுனிதி, சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த மராட்டிய குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவ கல்லூரியில் படித்து, வெளிநாடுகளில் பயிற்சி பெற்று, 1973-ல் ஊர் திரும்பினார். படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் சேர்ந்தார்.

"நம்ம ஊருக்கு வராது"

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் தெரிய வந்தது. இங்கே, "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் நோய். குடும்பம், கட்டுப்பாடுன்னு வாழுற நமக்கு வராது" என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று நினைத்தார் சுனிதி. ஆராய்ச்சிக்கு தலைப்பு தேடிய நிர்மலாவிடம் இந்த வேலையை கொடுத்தார்.

நிர்மலா சிறிய ஊரில் இருந்து வந்தவர். 2 குழந்தைகளுக்கு தாய். முதலில் தயங்கினார். கணவர்தான் தைரியம் சொன்னார். பஸ் காசு மிச்சமாகட்டும் என்று தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

அரசு ஆஸ்பத்திரிக்கு சிகிச்சைக்கு வந்த பாலியல் தொழில் செய்யும் பெண்களிடமும், போலீசில் பிடிபட்டு காப்பகத்தில் இருந்த பெண்களிடமும் ரத்தம் எடுத்தார் நிர்மலா. கையுறைகூட கிடையாது. 3 மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்தார். என்ன சோதனை என்று அந்த பெண்களுக்கு சொல்லப்படவில்லை. இன்று அப்படி செய்ய முடியாது, சம்மதம் வாங்கியே ஆகவேண்டும்.

மஞ்சள் நிறம்

சென்னையில் சோதிக்க வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு, கணவருடன் இரவு ரெயில் ஏறி காட்பாடியில் இறங்கினார் நிர்மலா.

சோதனை இதுதான். கிருமி உடம்பில் புகுந்தால் அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளை தயார் செய்யும். அதற்கு ஆன்டிபாடி என்று பெயர். எச்.ஐ.வி. கிருமியின் புரதம் பூசிய சின்னச் சின்ன குழிகளில், ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிந்த நீரை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு விடும் மருந்து நிறம் மாறி காட்டிக்கொடுத்துவிடும்.

மதியம் கரண்ட் போய்விட்டது. டீ குடித்துவிட்டு வந்து மூடியை திறந்தால், 6 குழிகள் மஞ்சளாகி இருந்தன. உடன் இருந்த ஆய்வாளரால் நம்ப முடியவில்லை. மூடியை உடனே மூடிவிட்டார். துறை தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான் ஓடி வந்து, "இதெல்லாம் எங்கே எடுத்தது?" என்று விசாரித்தார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த 6 பேரிடம் மீண்டும் ரத்தம் எடுத்து அமெரிக்காவில் சோதித்தபோதும் அதே முடிவுதான். அவர்களில் ஒருத்தி 13 வயது சிறுமி என்று பின்னாளில் சுனிதி கூறினார். அப்போதைய சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் விஷயத்தை அறிவித்தார். அப்போதும் பலர் நம்பவில்லை.

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வு கட்டுரையை கொடுத்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிப்பு வேலைக்கு போனார். 2010-ல் ஓய்வு பெற்றார்.

நோயாளிகளின் டாக்டர்

சுனிதி இந்த நோயை விடவில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளை தொடவே பலர் பயந்த காலம் அது. இதய ஆபரேஷன் நிபுணரான அவரது கணவருக்கும் முதலில் இதில் விருப்பம் இல்லை. "அவங்க கதையை ஒரு தடவை கேட்டா இப்படி பேசமாட்டீங்க" என்பது போல பதில் சொல்லி சமாளித்தாராம் சுனிதி. 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை, ஆராய்ச்சி மையத்தை தொடங்கினார். அவரது தந்தையின் பெயர் அது. நோயாளிகளுக்கு வரன் பார்த்து கல்யாணமும் செய்து வைத்தார்.

இந்த கிருமி ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும். அவை குறைந்தபிறகு மருந்து கொடுத்தால் போதும் என்றுதான் முன்பு இருந்தது. முன்கூட்டியே கொடுத்தால் என்ன ஆகும் என்று 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் ஆய்வு நடந்தது. ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ள தம்பதிகள் இவர்கள். சுனிதியின் சென்னை மையமும் இதில் பங்கேற்றது. சீக்கிரம் மருந்து எடுத்தால் துணைக்கு கிருமி பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் தெரிய வந்தது. இன்று கிருமி இருப்பது தெரிந்தவுடனே மருந்து கொடுக்க காரணங்களில் இதுவும் ஒன்று.

சுனிதி 28.7.2015 அன்று தனது 76-வது வயதில் காலமானார். 2017-ல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.