பொன்னி அரிசியின் பிறப்பு

பொன்னி என்பது காவிரியின் பெயர். ஆதலின், பொன்னி அரிசியும் காவிரிக் கரையிலேயே தோன்றியது என நம்மவர் பலர் கருதுவர். லூமுட்டிலும் ஈப்போவிலும் நாள்தோறும் உலையேறும் அவ்வரிசியின் வரலாறோ வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆசியாவில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. வெப்ப நாடுகளின் 'இண்டிகா' நெல், உரம் மிகுத்திட்டால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பான், தைவான் நாடுகளின் 'ஜப்பானிகா' நெல்லோ உரத்தை மணியாக்க வல்லது. எனினும் வெப்ப நாட்டுக்கு ஒவ்வாதது. இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒரே நெல்லில் சேர்க்க முயன்றோருள் தலையாயவர், கோயம்புத்தூரில் நெல்லாராய்ச்சி செய்த தமிழறிஞர் கே. இராமையா ஆவார்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன், 1950-களில் ஒரிசாவின் கட்டாக் நகர் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி நடைபெற்றது. தைவானின் 'தைச்சுங் 65' நெல்லுடன் மலாயாவின் 'மாயாங் எபோஸ்' நெல் கலக்கப்பட்டது. இத்தகைய கலப்பில் பதரே மிகும். செய்த கலப்புகள் பல. தேறியவை மிகச் சில.

கலப்பின் வழித்தோன்றல்கள் மலாயாவுக்கு அனுப்பப்பட்டன. செபராங் பிறையின் புக்கிட் மேரா நிலையத்தில் அவற்றைப் பல பருவங்கள் விதைத்து, நல்லனவற்றைத் தெரிந்தெடுத்தனர். 1964-இல் 'மாலிஞ்சா'வும் 1965-இல் 'மசூரி'யும் வெளிவந்தன. மலாயா, இந்தியா, ஜப்பான் என்னும் மூன்று பெயர்களின் முதலெழுத்துகளே மாலிஞ்சா ஆயின. பழைய நெல் பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். புதியவற்றுக்கு அக்கட்டுப்பாடு இன்மையால் ஆண்டுக்கு இரு போகம் இயன்றது. கட்டாக் திட்டத்தின் மற்றொரு பயனான 'ஆடுதுறை 27' 1965-இல் தஞ்சை வயல்களை அடைந்தது.

மசூரி பின்னர் இந்தியாவுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் அதற்குப் பொன்னி என்று பெயர் வழங்கலாயிற்று. அதிலிருந்து தெரிந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. அவ்வழி வந்த அரிசியே இன்று கப்பலேறி மலேசியக் கடைகளுக்குத் திரும்புகின்றது!

ஆப்பிரிக்காவிலும் இக்கதை தொடர்ந்தது. 1990-களில் சியரா லியோன் நாட்டவரான மான்டி ஜோன்ஸ், ஆப்பிரிக்க நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்தபோது அதே பதர் இடையூறு செய்தது. அதனை வென்று 'நெரிக்கா' நெல்லைத் தந்தமைக்கு 2004-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

பொன்னி நம் நெல் என்பதில் தவறில்லை. ஆயின், மாயாங் எபோஸைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மலாய் உழவர்க்கும் அதில் பங்குண்டு. கடல் கடந்து வந்தோர் நம் முன்னோர். அவர்களைப் போலவே நெல்லும் கடல் கடந்தது. இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடனாகும்.