தப்புக்குப் பக்கத்தில் வயலினா?



பாடசாலைக் கலைவிழாவில் தப்பையும் வயலினையும் சேர்த்து வாசிக்கலாம் என்றால் நம்மில் பலர் சிரிக்கிறோம். கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

வயலினே நம் இசைக்குப் பிந்தி வந்த விருந்தாளிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, கர்நாடக இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

1975 ஜூலை 5 அன்று, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் 'சக்தி' குழு வாசித்தது. இங்கிலாந்துக்காரர் ஜோன் மெக்லோக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஸாகிர் ஹுஸைன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். ஐந்தே பேர். கிட்டாருக்குச் சமமாக மண்பானை பேசியது! அடுத்த ஆண்டே அது இசைத்தட்டாக வந்தது.

அந்தச் சங்கர் சிறுவயதில் நம் நாட்டில் வளர்ந்தவர். தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போனது. அந்த வயலினை நாம் இழந்துவிட்டோம்.

தப்பையும் இழக்கப் போகிறோமா? தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதுதான், காமன் கூத்துக்கு உயிர் கொடுத்ததும் அதுதான். ஆனால் சாதிப் பேச்சுக்குப் பயந்து, வாசிக்கத் தெரிந்த பிள்ளையே தெரியாதென்கிறது. பயப்படுத்தியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

இந்த முறை அந்தப் பிள்ளைக்கும் மேடையில் ஒரு கதிரை போடுவோம். வயலின் பிள்ளைக்குப் பக்கத்திலேயே.